தலைமுறை என்பது எத்தனை ஆண்டு?

நிலத்தைப் பற்றியோ கோயில் மரியாதையைப் பற்றியோ வீட்டில் பேச்சு எழும்போது, "நாலு தலைமுறையாக எங்களிடம் இருந்து வருவது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நாலு தலைமுறை எத்தனை ஆண்டு என்று எவரும் எழுந்து கேட்பதில்லை. கேட்டால், நூறு இருக்கும், நூற்றிருபது இருக்கும் என்று உத்தேசமாக ஒரு விடை வரும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே இருபத்தைந்து, முப்பது ஆண்டு என்று நாம் மனத்துக்குள் வைத்திருக்கும் கணக்கே அவ்விடைக்கு ஆதாரம். மனிதர் விஷயத்தில் இந்த உத்தேசம் தவறிப்போனாலும் கேடில்லை. பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன, வேண்டியபோது சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பதிவேடு இல்லாத உயிர்களுக்கு என்ன செய்வது? இரவில் மட்டும் நடமாடி, பகலெல்லாம் மரப்பொந்தில் உறங்கும் ஓர் உள்ளங்கை அளவுப் பிராணிக்குத் தலைமுறை எத்தனை ஆண்டு என்று கேட்டால், அதற்கு விடை கூறுவது எப்படி? கூறித்தான் ஆகவேண்டுமா? இவ்விரு கேள்விகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

மனிதனும் குரங்கும் சேர்ந்த உயிர்க்குலத்தைப் பிரைமேட்டுகள் என்று உயிர்நூலார் அழைக்கின்றனர். இக்குலத்தின் மிகச் சிறிய உறுப்பினர் மடகாஸ்கர் தீவிலே இருக்கின்றன. அவற்றுக்கு எலி லெமூர் என்று பெயர். பெரிய கண்களும் நீண்ட வாலும் கொண்டவை. சாம்பல் நிற எலி லெமூரின் எடை ஏறத்தாழ 60 கிராம். அதாவது ஒரு கோழிமுட்டையின் எடை. அத்தீவின் மேற்கே கிரிண்டி என்னும் காட்டிலுள்ள மற்றோர் இனத்தின் எடை இதில் பாதியே. பிரைமேட்டுகளில் அதனினும் சிறியது இல்லை.

சாம்பல் நிற எலி லெமூரின் வாழ்க்கை விரைவானது. மழைக்காலத்துக்குச் சற்று முன் இணைசேரும். பெண் லெமூர் கருத்தரிக்கக்கூடிய நேரம் ஓர் இரவில் சில மணியே. இரண்டு மாதத்தில் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும். அக்குட்டிகள் அடுத்த பருவத்திலேயே, ஏறத்தாழ ஒரு வயதில், தாமும் ஈனத் தொடங்கிவிடும். இதைக் கேட்டவுடன், "அப்படியானால் தலைமுறை ஓர் ஆண்டுதானே?" என்று தோன்றும். இங்கேதான் முதல் தவறு நேர்கிறது.

தலைமுறைக் காலம் என்பது முதல் குட்டி ஈனும் வயதன்று. ஓர் ஆண்டில் பிறந்த குட்டிகள் அனைத்தையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் தாய்க்கும் தந்தைக்கும் அப்போது என்ன வயது என்று குறித்து, அவ்வயதுகளின் சராசரியை எடுத்தால் கிடைப்பதே தலைமுறைக் காலம். தாய்மார் எல்லாரும் ஒரு வயதினர் அல்லர். இரண்டு வயதுத் தாய் உண்டு. ஐந்து வயதுத் தாயும் உண்டு. ஆதலின் சராசரி, முதல் ஈற்று வயதைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும். எவ்வளவு அதிகம் என்பது ஒன்றைப் பொறுத்தது: ஆண்டுதோறும் எத்தனை உயிர் பிழைக்கின்றன என்பதே அது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நானே அமைத்த கணக்கு. ஒரு வயதை எட்டி முதன்முதலாக ஈனும் பெண் லெமூர்கள் 100 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பாதி மடிகின்றன என்போம். இரண்டு வயதில் 50, மூன்று வயதில் 25, நான்கில் பன்னிரண்டு பதின்மூன்று என்று அவை குறைந்துகொண்டே போகும். எந்த வயதிலும் ஈற்றுக்கு ஒரே அளவு குட்டிகள் என்று கொண்டால், தாய்மாரின் சராசரி வயது சரியாக 2 ஆண்டு. இப்போது பாதிக்குப் பதிலாக நான்கில் மூன்று பங்கு பிழைக்கின்றன என்று மாற்றுங்கள். சராசரி 4 ஆண்டு ஆகிவிடும். முதல் ஈற்று வயது மாறவில்லை. குட்டிகளின் எண்ணிக்கையும் மாறவில்லை. பிழைப்பு வீதம் ஒன்று மாறியதும் தலைமுறைக் காலம் இரட்டிப்பாயிற்று. ஆகவே தலைமுறையை அளக்க விரும்புவோன், பிறப்பைவிட இறப்பையே கவனமாக எண்ணவேண்டியவனாகிறான்.

இறப்பைக் காட்டில் எண்ணுவது எளிதன்று. இறந்த லெமூரின் உடலைக் காண்பது அருமை. ஆந்தை கொண்டுபோனதற்குச் சுவடு ஏது? தென்மேற்கு மடகாஸ்கரின் பேசா மஹாஃபாலி காட்டில், ஆந்தைகள் உமிழ்ந்த எலும்புருண்டைகளை ஆராய்ந்து, எலி லெமூர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஆந்தைகளே உண்டுவிடுகின்றன என்று 1993-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. பாம்பும் கீரியினத்தை ஒத்த வேட்டைப் பிராணிகளும் கொல்வது இதற்கு மேல்.

ஆதலால் ஆராய்ச்சியாளர் வேறு வழியைக் கையாள்கின்றனர். மாலையில் வாழைப்பழத் துண்டு வைத்த சிறு கூண்டுப்பொறிகளை மரக்கிளைகளிலே வைப்பார்கள். விடியலில் அகப்பட்டவற்றை எடுத்து எடை பார்த்து, அரிசிமணி அளவுள்ள ஒரு மின்னணுச் சில்லைத் தோலுக்கடியில் செலுத்தி, அன்று மாலையே பிடித்த இடத்தில் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் எண் உண்டு. அடுத்த மாதமோ அடுத்த ஆண்டோ அதே பிராணி அகப்பட்டால், கருவியை அருகில் காட்டியதும் எண் தெரிந்துவிடும். குட்டியாக இருக்கும்போதே அடையாளமிட்டதாயின் அதன் வயதும் ஐயமின்றித் தெரியும்.

இவ்வாண்டு 100 பிராணிகளுக்கு அடையாளமிட்டோம். மறு ஆண்டு அவற்றுள் 40 மட்டும் அகப்பட்டன என்று கொள்வோம். மற்ற 60-உம் இறந்தன என்று எழுதலாமா? கூடாது. சில உயிரோடிருந்தும் பொறிக்கு வராமல் இருந்திருக்கலாம். வறண்ட பருவத்திலே பல பெண் லெமூர்கள் உடல்வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு பொந்துக்குள் மந்த உறக்கத்தில் கிடக்கும். அப்போது பொறி வைத்தால் வெறும் பொறியே மிஞ்சும். இந்த இடர்ப்பாட்டுக்கு ஓர் அழகான தீர்வு உண்டு. மூன்றாம் ஆண்டு வரை பொறுத்திருக்கவேண்டும். முதல் ஆண்டு அடையாளமிட்டவற்றுள் 25 மூன்றாம் ஆண்டில் அகப்படுகின்றன என்போம். இந்த 25-உம் இரண்டாம் ஆண்டில் உயிரோடிருந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுள் 20 மட்டுமே இரண்டாம் ஆண்டில் பொறியில் விழுந்திருந்தன. எனவே உயிரோடிருந்தவற்றில் நூற்றுக்கு 80-ஐத்தான் நம் பொறி பிடிக்கிறது. அகப்பட்ட 40, மெய்யாக இருந்தவற்றில் நூற்றுக்கு 80 என்றால், மெய்யாக இருந்தவை 50. பிழைப்பு வீதம் பத்தில் நான்கன்று, பாதி. தவறான எண்ணை வைத்துக்கொண்டால் தலைமுறைக் காலம் ஒன்றே முக்கால் ஆண்டுக்கும் குறைவாக வந்திருக்கும். திருத்தியபின் 2 ஆண்டு. காணாமற்போனதையும் இறந்ததையும் வேறுபடுத்தும் இம்முறையின் கணித இலக்கணத்தைக் கார்மக் என்பவர் 1964-இலும், ஜாலி, சீபர் என்னும் இருவர் தனித்தனியே 1965-இலும் வகுத்தளித்தனர்.

ஆயினும் ஒரு குறை இம்முறையிலும் தங்கிவிடுகிறது. ஊரைவிட்டு வேற்றூருக்குக் குடிபோனவனையும் இது இறந்தவனாகவே எண்ணும். எலி லெமூர்களிலே பெண்கள் பிறந்த இடத்தைச் சார்ந்தே வாழும். இளம் ஆண்கள்தாம் வெளியே போகும். ஆகவே ஆண்களின் இறப்பு உள்ளதைவிட மிகையாகத் தோன்ற இடமுண்டு. மிகையல்லாத உண்மையும் ஒன்றுண்டு: கிரிண்டிக் காட்டிலே பல ஆண்டு நடந்த அடையாள ஆராய்ச்சியில், இணைசேரும் பருவத்திலே துணை தேடி அலையும் ஆண்கள், பெண்களைவிட அதிகமாக மடிவது தெரியவந்தது. தாயின் சராசரி வயதும் தந்தையின் சராசரி வயதும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். தந்தை யார் என்று அறிவதோ கண்ணால் ஆகாத காரியம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள் தந்தை வேறுபடுவதும் உண்டு. காதுமடலிலிருந்து எடுத்த கடுகளவு தோலில் உள்ள மரபணுவை ஒப்பிட்டுத்தான் அதைத் தீர்மானிக்கிறார்கள்.

குட்டியாகப் பிடிபடாமல் முதிர்ந்தபின் பிடிபட்ட பிராணிக்கு வயது கூறுவது எவ்வாறு? நம் ஊர்ச் சந்தையில் மாட்டு வியாபாரி செய்வதையே ஆராய்ச்சியாளரும் செய்கின்றனர்: வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள். கிழக்கு மடகாஸ்கரில் ரனோமாஃபானா என்னும் மழைக்காட்டிலே செந்நிற எலி லெமூர்களின் பற்களுக்கு ஆண்டுதோறும் அச்செடுத்து, ஓர் ஆண்டில் பல் எவ்வளவு தேய்கிறது என்று அளந்து, அதைக்கொண்டு வயதை மதிப்பிட்டார்கள். 2014-இல் வெளியான அந்த ஆராய்ச்சி ஒரு வியப்பைத் தந்தது. 8 ஆண்டு வயதானவையும் அக்காட்டில் உயிரோடு உலவின. இவ்வளவு சிறிய ஒரு பிராணி, ஆந்தைகளுக்கு நடுவே எட்டு ஆண்டு பிழைத்திருப்பது எளிய செய்தியன்று.

இதனால் விளைந்தது யாதெனில், இன்றைய மரபணு ஆராய்ச்சிகளில் சாம்பல் நிற இனத்துக்கு 2.5 ஆண்டு என்றும் செந்நிற இனத்துக்கு 4.5 ஆண்டு என்றும் இருவேறு தலைமுறைக் காலங்கள் வழங்குகின்றன. இரண்டின் நடுவான 3.5 ஆண்டைப் பொதுவாக எடுத்துக்கொள்வோரும் உண்டு. நெருங்கிய உறவினரான இரண்டு சிற்றினங்களுக்குள்ளேயே இத்துணை வேறுபாடு.

"இரண்டரையானால் என்ன, நாலரையானால் என்ன? இதனால் யாருக்கு என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. இரண்டு காரியங்கள் இந்த எண்ணைப் பற்றி நிற்கின்றன.

முதலாவது, இனங்களின் பழைய வரலாறு. மடகாஸ்கரின் நடு மேட்டுநிலம் இன்று பெரும்பகுதி புல்வெளி. அதற்குக் கிழக்கே ஈரக்காடு, மேற்கே உலர்காடு. முற்காலத்தில் இவ்விரண்டும் இணைந்திருந்தனவா? இணைந்திருந்தால், பிரித்தது மனிதன் இட்ட தீயா, வானிலையின் மாற்றமா? இதைக் கேட்க எலி லெமூர்களே சாட்சிகள். ஏனெனில் அவை மரம் இல்லாத வெளியைக் கடக்கமாட்டா. இருபுறத்து இனங்களின் மரபணுக்களில் எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால், அவை பிரிந்து எத்தனை தலைமுறை ஆயின என்பது தெரியும். ஆனால் மரபணு ஆண்டைச் சொல்லாது, தலைமுறையையே சொல்லும். ஆண்டாக மாற்றுவதற்குத் தலைமுறைக் காலத்தால் பெருக்கவேண்டும். ஒரு லட்சம் தலைமுறை என்று வந்தால், ஒரு கணக்கில் இரண்டரை லட்சம் ஆண்டு. மற்றொரு கணக்கில் நாலரை லட்சம் ஆண்டு. ஆன் யோடர் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் 2016-இல் இத்தகைய கணக்கைச் செய்து, மனிதர் அத்தீவில் கால்வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே இப்பிரிவுகள் நேர்ந்துவிட்டன என்று காட்டினர். மனிதர்மேல் பழியா என்ற கேள்விக்கு நான் மேலே சொன்ன இரண்டு எண்களும் ஒரே விடையைத்தான் தரும். ஆனால் பண்டைக்கால வறட்சிகளில் எந்த வறட்சி காட்டைப் பிளந்தது என்று கேட்டால், இரண்டும் வேறு வேறு விடை சொல்லும்.

இரண்டாவது காரியம் பழையதன்று, இன்றையது. ஓர் இனம் அழிவை நோக்கிப் போகிறதா என்று தீர்மானிக்கும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றுள் எது நீண்டதோ அக்காலத்துக்குள் எண்ணிக்கை நூற்றுக்கு 30 குறைந்தால் ஒரு நிலை. 50 குறைந்தால் அதனினும் கடுமையான நிலை. 80 குறைந்தால் மிகக் கடுமையான நிலை. காடு அழிவதால் ஓர் இனம் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமுறை 2 ஆண்டாயின் மூன்று தலைமுறை 6 ஆண்டு. ஆகவே 10 ஆண்டைக் கணக்கில் கொள்வோம். அதற்குள் குறைவது நூற்றுக்கு ஏறத்தாழ 34. தலைமுறை 6 ஆண்டாயின் 18 ஆண்டைக் கணக்கில் கொள்வோம்; குறைவது நூற்றுக்கு 52. காடு ஒன்றே, கோடரி ஒன்றே, மடியும் பிராணியும் ஒன்றே. தலைமுறை எண் மட்டும் மாறியதால் அதன் நிலை ஒரு படி ஏறிவிட்டது.

அந்த ஆறு ஆண்டு என்னும் எண் நான் கற்பனையாக எடுத்ததன்று. காட்டுக் கணக்குக் கிடைக்காத இனங்களுக்கு ஒரு குறுக்குவழி வகுத்திருக்கிறார்கள். கூண்டில் வளர்த்தபோது ஓர் இனம் அதிகமாக எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்று பார்த்து, அதிலிருந்து முதல் ஈற்று வயதைக் கழித்து, மிச்சத்தில் நூற்றுக்கு 29 பங்கை முதல் ஈற்று வயதோடு கூட்டுவது அவ்வழி. கூண்டிலே சாம்பல் நிற எலி லெமூர் 18 ஆண்டு வரை வாழ்ந்ததாகப் பதிவுண்டு. ஒன்றோடு, பதினேழில் நூற்றுக்கு 29-ஐக் கூட்டினால் ஏறத்தாழ 6 வருகிறது. கூண்டில் ஆந்தை இல்லை, வறட்சி இல்லை, வேளைக்கு உணவு உண்டு. அங்கே பெற்ற ஆயுளைக் கொண்டு காட்டுத் தலைமுறையை அளப்பது, அரண்மனைச் சமையலைப் பார்த்து ஊரின் பசியை மதிப்பிடுவது போன்றது. வேறு வழி இல்லாதபோது கொள்ளத்தக்கதே தவிர, அதனோடு நின்றுவிடத் தக்கதன்று.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்றுண்டு. மனிதன் காட்டை அழித்து, வேட்டை நாயையும் பூனையையும் உள்ளே விட்டபின் அளந்தால், முதிர்ந்த பிராணிகள் மடிந்து இளையனவே எஞ்சியிருக்கும். அப்போது தலைமுறைக் காலம் குறுகித் தோன்றும். குறுகிய தலைமுறையை வைத்துக் கணக்கிட்டால் வீழ்ச்சியும் குறைவாகத் தோன்றும். நோயாளியின் மெலிவையே அவனுடைய இயல்பான எடை என்று எழுதிவைப்பது போன்ற பிழை இது. எனவேதான், இடையூறு நேர்வதற்கு முன்னிருந்த இயல்பான தலைமுறைக் காலத்தையே கொள்ளவேண்டும் என்று அவ்வொன்றியம் வழிகாட்டுகிறது. இது வீண் எச்சரிக்கை அன்று. கிரிண்டிக் காட்டின் அந்த 30 கிராம் லெமூர், 2020-ஆம் ஆண்டில் மிகக் கடுமையான நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மடகாஸ்கர் நமக்குத் தொலைவு. ஆனால் எலி லெமூரின் தூரத்து உறவினர் ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். அவரே தேவாங்கு. திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்ப் பக்கம், வேலமரமும் முட்புதரும் அடர்ந்த காடுகளிலே, மெலிந்த கைகால்களும் உருண்டை விழிகளுமாக இரவில் ஊர்ந்து செல்லும் அதனை அறிஞர்கள் பலர் ஆராய்ந்துள்ளனர். எடை ஏறத்தாழ கால் கிலோ. எலி லெமூரைப் போலவே இரவு வாழ்வு; பூச்சி உணவு. ஆனால் வாழ்வின் நடை முற்றும் வேறு. எலி லெமூர் இரண்டு மாதத்தில் ஈனும். தேவாங்கு கருச்சுமப்பது ஐந்தரை மாதம். பிறப்பது ஒரு குட்டி. சில வேளை இரண்டு. சிறிய உருவம் என்பதால் விரைவாகப் பெருகும் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். ஆண்டுக்கு ஓரிரு குட்டியே ஈனும் இனத்திலே, மூடநம்பிக்கையாலோ மருந்துக்கென்றோ ஒரு தாயைப் பிடித்துச் சென்றால், அந்த இழப்பை ஈடுசெய்யக் காட்டுக்குப் பல ஆண்டு பிடிக்கும். மெதுவாக நடக்கும் உயிருக்கு இழப்பும் மெதுவாகவே ஆறும்.

2022-ஆம் ஆண்டு அக்டோபரில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அதுவே. எல்லை குறித்துப் பலகை நடுவது ஒரு நாள் வேலை. அந்த எல்லைக்குள் உள்ள உயிர் பெருகுகிறதா குறைகிறதா என்று அறிவது ஒரு நாள் வேலை அன்று. ஓர் இரவில் விளக்கடித்து எண்ணினால் எத்தனை கண்கள் மின்னின என்பது தெரியும். அக்கண்கள் இளமையானவையா முதியவையா, சென்ற ஆண்டு கண்டவையேதானா என்பது தெரியாது. அதை அறிய, ஒரே காட்டில், ஒரே உயிர்களை, அவற்றின் ஒரு தலைமுறைக்கேனும் தொடர்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும்.

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோர் மூன்றாண்டில் முடிவு கேட்பதுண்டு. தலைமுறையோ அவர்கள் கேட்கும் தவணைக்குக் கட்டுப்படாது. மடகாஸ்கர்க் காடுகளில் ஆண்டு தவறாமல் பொறி வைத்து, எண்ணைக் குறித்து, விடியுமுன் எழுந்து நடந்த பலருடைய உழைப்பே, "இரண்டரை" என்றும் "நாலரை" என்றும் சுருங்கி ஓர் ஏட்டின் மூலையில் நிற்கிறது. அந்த எண்ணைப் பெருக்கியும் வகுத்தும் பயன்படுத்துவோர் பலர். அது எவ்வாறு வந்தது என்று எண்ணிப்பார்ப்போர் சிலரே. நம் வீட்டுத் திண்ணையில் "நாலு தலைமுறை" என்று அடுத்த முறை யாரேனும் சொல்லும்போது, அச்சொல்லை அளந்தறிவதற்காகக் காட்டிருளில் காத்திருப்போரையும், அவர்கள் கையில் ஒரு நொடி துடித்துவிட்டு மீண்டும் கிளையேறும் அச்சிறு உயிரையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.